சின்ன போர்டு கிளம்பவில்லையா? மின்சாரம் முதல் பின் வரை வரிசையாகச் சோதிக்கும் முழுமையான வழிகாட்டி

ஒற்றைப் பலகைக் கணினியை (ஒரே சின்ன போர்டில் அடங்கிய முழுக் கணினி) முதன்முதலாகக் கையில் எடுப்பவர்கள் பலருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து உதவியிருக்கிறேன். "போர்டு செத்துப்போச்சு" என்றுதான் பேச்சே ஆரம்பிக்கும். பெரும்பாலும் செத்திருக்காது. கேபிளை மாற்றினால் எழுந்துவிடும், அல்லது கார்டில் தப்பான கோப்பு இருக்கும்.

கீழே உள்ள படிகளை எழுதிய வரிசையிலேயே செய்யுங்கள். மின்சாரம் சரியில்லாத போர்டில் மெமரி கார்டைச் சந்தேகித்து மூன்று முறை எழுதுவதால் பயனில்லை. ஒவ்வொரு படியும் முந்தையது சரி என்ற நம்பிக்கையில்தான் நிற்கிறது.

எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் ராஸ்பெர்ரி பை (சுருக்கமாகப் "பை") என்ற போர்டிலிருந்து வரும். ஆரஞ்சு பை, பீகிள்போன், ஓட்ராய்டு, ஜெட்சன் நானோ போன்ற மற்ற போர்டுகள் மாறுபடும் இடங்களில் தனியாகச் சொல்கிறேன்.

1. முன்கூட்டியே எடுத்து வைக்க வேண்டியவை

ஒரு மல்டிமீட்டர் (வோல்ட், மின்தடை எல்லாம் அளக்கும் கருவி). விலை குறைந்ததே போதும். இது இல்லாமல் மின்சாரப் பிரச்சினையைக் கண்டுபிடிப்பது கண்ணைக் கட்டிக்கொண்டு தேடுவதுதான்.

நன்றாக வேலை செய்வதாக ஏற்கெனவே தெரிந்த இன்னொரு கேபிளும், இன்னொரு மெமரி கார்டும். "தெரிந்த" என்பதுதான் முக்கியம். புதிதாக வாங்கியது என்பதற்காக அது நல்லது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

சில ஜம்பர் வயர்கள் வேண்டும், ஒரு முனையாவது பெண் முனையாக இருக்கட்டும். முடிந்தால் 3.3 வோல்ட்டில் இயங்கும் யூஎஸ்பி-சீரியல் அடாப்டர் ஒன்று (போர்டு அனுப்பும் செய்திகளை இன்னொரு கணினியில் படிக்க). அப்புறம், போர்டின் சரியான மாடல் பெயரை அதன் மேலேயே படித்துக் குறித்துக்கொள்ளுங்கள். பெட்டியில் போட்டிருப்பதை நம்ப வேண்டாம்.

2. எல்லாவற்றையும் கழற்றி, வெறும் போர்டை மட்டும் வையுங்கள்

ஹார்டு டிஸ்க், கேமரா, மேலே பொருத்திய கூடுதல் போர்டு, சென்சார் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். கோளாறுள்ள ஒரு யூஎஸ்பி சாதனம்கூட முழு போர்டையும் கீழே இழுத்துவிடும். வெறும் போர்டு எழுந்தால், ஒவ்வொன்றாகச் சேர்க்கும்போது குற்றவாளி தானே மாட்டிக்கொள்ளும்.

போர்டை மரப்பலகை அல்லது அட்டை மேல் வையுங்கள். கீழ்ப்பக்கம் முழுக்கச் சால்டர் முனைகள் இருக்கின்றன. ஸ்டீல் மேசையோ, கீழே கிடக்கும் ஒரு திருகோ ஷார்ட் ஆவதற்குப் போதும். போர்டு வந்த ஆன்டிஸ்டாட்டிக் பையின் மேலேயே வைத்து ஓட்டுபவர்களும் உண்டு. அந்தப் பைகளில் சிலவற்றின் வெளிப்புறம் மின்சாரத்தைக் கடத்தும், எனவே அதுவும் வேண்டாம்.

3. மின்சாரம்: அதிக நேரம் செலவிட வேண்டிய இடம்

முதலில் எண்கள். ராஸ்பெர்ரி பை 3-க்கு 5 வோல்ட், 2.5 ஆம்பியர். பை 4-க்கு 5 வோல்ட், 3 ஆம்பியர். பை 5-க்கு 5 வோல்ட், 5 ஆம்பியர். ஆம்பியர் இதைவிட அதிகமாக எழுதியிருக்கும் அடாப்டரைப் போட்டால் போர்டு கெடாது, தேவையானதைத்தான் அது இழுத்துக்கொள்ளும். கெடுப்பது வோல்ட். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள்தான் அதிகம்.

சரி, அடாப்டரில் 3 ஆம்பியர் என்று எழுதியிருக்கிறது. அப்படியும் ஏன் தடுமாறுகிறது? இங்கே கேபிளைப் பார்க்க வேண்டும்.

மெல்லிய போன் கேபிள்களில் மின்சாரம் போகும் கம்பி பெரும்பாலும் 28 கேஜ் (கேஜ் எண் கூடினால் கம்பி மெல்லியது). அதன் மின்தடை மீட்டருக்குச் சுமார் 0.21 ஓம். மின்சாரம் போகவும் வரவும் இரண்டு கம்பிகள் என்பதால், ஒரு மீட்டர் கேபிளில் 0.42 ஓம். போர்டு 1 ஆம்பியர் இழுத்தாலே 0.4 வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே போய்விடும். அடாப்டரில் 5 வோல்ட், போர்டில் 4.57. ராஸ்பெர்ரி பை குறைமின்னழுத்த எச்சரிக்கை தருவது சுமார் 4.63 வோல்ட்டில். அதாவது, அடாப்டரில் ஒரு குறையும் இல்லாமலே எச்சரிக்கை வந்துவிடும். 2 ஆம்பியர் இழுத்தால் கேட்கவே வேண்டாம்.

அதே நீளத்தில் 20 கேஜ் கம்பி என்றால், 2 ஆம்பியருக்குச் சுமார் 0.13 வோல்ட் மட்டுமே விழும். குட்டையான, தடித்த கேபிளைத் தேடச் சொல்வது இதனால்தான். ராஸ்பெர்ரி பையின் சொந்த அடாப்டர்கள் 5-க்குப் பதில் 5.1 வோல்ட் தருவதும், கேபிள் பிரிக்க முடியாதபடி வருவதும் இதே கணக்கில்தான்.

அளந்து பார்ப்பது எப்படி? போர்டு ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் அளக்க வேண்டும். சுமை இல்லாத அடாப்டர் எப்போதும் நல்ல பிள்ளையாகத்தான் தெரியும். ராஸ்பெர்ரி பையின் 40 பின் வரிசையில் 4-ஆம் பின்னும் (5 வோல்ட்) 14-ஆம் பின்னும் (கிரவுண்ட், அதாவது பூஜ்ய வோல்ட் முனை) போதும். மீட்டரின் கூர்முனையை நேரடியாகப் பின்களுக்கு நடுவே நுழைக்காதீர்கள். கை நழுவி 5 வோல்ட் பக்கத்துப் பின்னைத் தொட்டால் கதை முடிந்தது. போர்டை அணைத்துவிட்டு, பெண் முனை ஜம்பர் வயர்களை இரண்டு பின்களிலும் செருகி, மறுமுனைகள் ஒன்றையொன்று தொடாமல் விலக்கி வைத்து, பிறகு இயக்கி அங்கே அளவுங்கள்.

மீட்டர் இல்லையென்றால் போர்டையே கேட்கலாம். திரையின் மூலையில் மின்னல் குறி தெரிந்தால் வோல்ட் குறைகிறது. டெர்மினலில் விசிஜென்சிஎம்டி கட்டளையிடம் "கெட் த்ராட்டில்டு" என்று (vcgencmd get_throttled) கேட்டால் ஓர் எண் வரும். பூஜ்யம் என்றால் நிம்மதி. 50005 என்று முடிந்தால், கடைசி 5 "இந்த நிமிடம் வோல்ட் குறைவு, வேகமும் குறைக்கப்பட்டிருக்கிறது" என்கிறது. முன்னால் உள்ள 5 "இயக்கியதிலிருந்து ஒரு முறையாவது அப்படி நடந்தது" என்கிறது. 50000 மட்டும் வந்தால், இப்போது சரி, நடுவில் தள்ளாடியிருக்கிறது.

டைப்-சி விஷயத்தில் இரண்டு சிக்கல்கள் தனியாக உண்டு. முதலாவது, 2019-இல் வந்த ஆரம்பகட்ட பை 4 போர்டுகளில் டைப்-சி கண்டறியும் இரண்டு முனைகளுக்கும் ஒரே ரெசிஸ்டர் பகிரப்பட்டிருந்தது. சிப் பதித்த உயர்தர கேபிளைப் போட்டால், சார்ஜர் அதை ஆடியோ அடாப்டர் என்று நினைத்து மின்சாரமே தராது. சாதாரண கேபிளில் ஓடும், விலை உயர்ந்த கேபிளில் ஓடாது. பிந்தைய பதிப்புகளில் இதைத் திருத்திவிட்டார்கள்.

இரண்டாவது, பை 5-க்கு 65 வாட் லேப்டாப் சார்ஜரைப் போட்டுவிட்டு "இன்னும் பவர் போதவில்லை என்கிறதே" என்று குழம்புவது. அந்த 65 வாட் 20 வோல்ட்டில் கிடைப்பது. 5 வோல்ட்டில் அத்தகைய சார்ஜர்கள் பொதுவாக 3 ஆம்பியரோடு நின்றுவிடும். 5 ஆம்பியர் கிடைக்காது என்று தெரிந்ததும் பை 5 தன் யூஎஸ்பி துளைகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து 600 மில்லிஆம்பியர்தான் தரும். 5 ஆம்பியர் கிடைத்தால் அது 1.6 ஆம்பியர் ஆகும். போர்டு ஓடும், ஆனால் வெளி டிஸ்க் செருகியதும் தகராறு செய்யும்.

மற்ற போர்டுகளில் துளை வடிவத்தை நம்பக் கூடாது. ஓட்ராய்டு என்2 பிளஸ் 12 வோல்ட் அடாப்டர் கேட்கிறது, பீகிள்போன் பிளாக் 5 வோல்ட் கேட்கிறது. இரண்டுக்கும் அதே 5.5/2.1 மில்லிமீட்டர் வட்டப் பின். நுழைகிறது என்பதற்காகச் செருகாதீர்கள். ஆரஞ்சு பை பிசியில் வட்டத் துளை 4.0/1.7 மில்லிமீட்டர். அதிலுள்ள மைக்ரோ யூஎஸ்பி துளையில் சார்ஜரைச் செருகி, "உயிரே இல்லை" என்று சொல்பவர்கள் உண்டு. அந்தத் துளை வழியே போர்டு மின்சாரம் எடுப்பதில்லை. பழைய ஜெட்சன் நானோ கிட்டில் வட்டத் துளையைப் பயன்படுத்த ஜே48 ஜம்பரை (இரண்டு பின்களைச் சேர்க்கும் சிறு மூடி) போட வேண்டும், இல்லையென்றால் அது மைக்ரோ யூஎஸ்பியை மட்டுமே பார்க்கும்.

4. மெமரி கார்டு

மின்சாரம் சரி என்று தெரிந்த பிறகே இங்கே வாருங்கள். குறை வோல்ட்டில் ஓடிய போர்டு கார்டிலுள்ள கோப்புகளையும் கெடுத்திருக்கலாம். அதனால் படி 3-இல் ஏதாவது மாற்றியிருந்தால், கார்டைப் புதிதாக எழுதிவிடுவது நல்லது.

அடிக்கடி பார்க்கும் தவறுகள் இவை. இறக்கிய இமேஜ் கோப்பை (முழு இயங்குதளமும் அடங்கிய ஒரே கோப்பு), பாட்டு நகலெடுப்பது போலக் கார்டில் இழுத்துப் போடுவது. அப்படிச் செய்தால் கார்டில் ஒரு கோப்பு இருக்கும், இயங்குதளம் இருக்காது. இமேஜர் போன்ற எழுதும் நிரல்தான் பார்ட்டிஷன்களோடு சேர்த்து எழுதும். கடைசியில் அது செய்யும் சரிபார்ப்பையும் தவிர்க்காதீர்கள். மோசமான கார்டு அங்கேயே மாட்டிக்கொள்ளும்.

இன்னொன்று: எழுதி முடித்ததும் விண்டோஸ் "இந்த டிஸ்கை ஃபார்மட் செய்யவா?" என்று கேட்கும். லினக்ஸ் பார்ட்டிஷன் அதற்குப் புரியவில்லை, அவ்வளவுதான். "சரி" என்று அழுத்தினால் எழுதியதெல்லாம் போச்சு. "வேண்டாம்" சொல்லிவிட்டுக் கார்டை எடுங்கள். 64 ஜிபி கார்டு சில நூறு எம்பி மட்டுமே காட்டுவதும் இதே காரணத்தால்தான். அது பூட் பகுதி, அதாவது போர்டு தொடங்கப் படிக்கும் பகுதி மட்டும்.

இமேஜ் உங்கள் போர்டுக்கே உரியதாக இருக்க வேண்டும். சாதாரண பிசிக்கான உபுண்டு இங்கே ஓடாது, ப்ராசஸர் வகையே வேறு. ராஸ்பெர்ரி பை இமேஜ் ஆரஞ்சு பையில் ஓடாது, பெயர் மட்டும்தான் ஒரே மாதிரி. மற்ற போர்டுகளுக்கு ஆர்ம்பியன் தளத்தில் மாடல் வாரியாகக் கிடைக்கிறது.

போலி கார்டுகளும் புழங்குகின்றன. 128 ஜிபி என்று காட்டும், உள்ளே பாதிகூட இருக்காது. எச்2டெஸ்ட்டபிள்யூ அல்லது எஃப்3 நிரலால் முழுக் கொள்ளளவையும் ஒரு முறை நிரப்பிப் பார்த்துவிடுங்கள். வேகத்துக்கு ஏ1 முத்திரையைப் பாருங்கள். வினாடிக்கு 1500 சிதறிய வாசிப்பு, 500 சிதறிய எழுத்து என்பது அதன் குறைந்தபட்சம். இயங்குதளம் ஓட்டுவதற்குத் தேவைப்படுவது இதுதான். அட்டையில் பெரிதாகப் போட்டிருக்கும் எம்பி கணக்கு வீடியோ எடுப்பவர்களுக்கானது.

2022 ஏப்ரலுக்குப் பிறகு ராஸ்பெர்ரி பை இயங்குதளத்தில் "பை" என்ற இயல்பான பயனர் பெயர் கிடையாது. பழைய வீடியோவைப் பார்த்து அதே கடவுச்சொல்லை அடித்துக்கொண்டிருக்க வேண்டாம். இமேஜரில் எழுதும்போதே பெயரையும் கடவுச்சொல்லையும் வைத்துவிடுங்கள்.

5. திரையில் எதுவும் வரவில்லை

பை 4, பை 5 இரண்டிலும் இரண்டு மைக்ரோ எச்டிஎம்ஐ துளைகள். டைப்-சி மின் துளைக்கு அருகில் இருப்பதில் செருகுங்கள், பூட் ஆகும்போது படம் முதலில் வருவது அங்கேதான். மானிட்டரை முதலில் இயக்கி, சரியான இன்புட் தேர்ந்தெடுத்து, பிறகு போர்டுக்கு மின்சாரம் கொடுங்கள். திரை இருப்பது தெரியாவிட்டால் சில போர்டுகள் படமே அனுப்பாது.

இங்கே ஒரு நல்ல சோதனை இருக்கிறது. பை 4 அல்லது 5-இல் கார்டை எடுத்துவிட்டு இயக்கிப் பாருங்கள். பூட்லோடர் (போர்டிலேயே இருக்கும் தொடக்க நிரல்) தன் சோதனைத் திரையைக் காட்டினால் போர்டு, மின்சாரம், கேபிள், மானிட்டர் நான்கும் நலம். பிரச்சினை கார்டில் மட்டும்தான். வாரக்கணக்கில் தவித்த ஒருவருக்கு இந்த ஒரு சோதனையில் பதில் கிடைத்ததைப் பார்த்திருக்கிறேன்.

6. எல்இடியும் சீரியல் வயரும்

திரை இல்லாவிட்டாலும் போர்டு பேசும். ராஸ்பெர்ரி பையின் பச்சை எல்இடி கார்டைப் படிக்கும்போது ஒழுங்கில்லாமல் மினுக்கும், அது நல்ல அறிகுறி. எண்ணும்படி மினுக்கி நிறுத்தி, மீண்டும் அதையே செய்தால் அது பிழைக்குறி. 4 முறை என்றால் தொடக்கக் கோப்பு கிடைக்கவில்லை, 7 முறை என்றால் கெர்னல் (இயங்குதளத்தின் மையக் கோப்பு) கிடைக்கவில்லை. இரண்டுக்கும் கார்டைத் திரும்ப எழுதிப் பாருங்கள். 8 முறை என்றால் ரேம் கோளாறு, அதை நம்மால் ஒன்றும் செய்ய முடியாது.

சீரியல் கன்சோல் இயக்கப்பட்டிருந்தால் பூட் செய்திகளை வரி வரியாகப் படிக்கலாம். பை 4 வரை 6-ஆம் பின் கிரவுண்ட், 8 அனுப்புவது, 10 வாங்குவது. அடாப்டரின் அனுப்பும் முனையை போர்டின் வாங்கும் முனையோடு, அதாவது குறுக்காக இணைக்க வேண்டும். வேகம் 115200. அடாப்டரின் சிவப்பு 5 வோல்ட் வயரைத் தொங்கவே விடுங்கள். போர்டுக்குத் தனியாக மின்சாரம் இருக்கும்போது இரண்டு பக்கமிருந்தும் கொடுப்பது வம்பு. பை 5-இல் இதற்கென்றே இரண்டு எச்டிஎம்ஐ துளைகளுக்கு நடுவில் மூன்று பின் சாக்கெட் வைத்திருக்கிறார்கள்.

7. சூடு

கையை வைத்தால் சுடுகிறது என்பது கோளாறு இல்லை. ராஸ்பெர்ரி பை 80 டிகிரி செல்சியஸில் வேகத்தைக் குறைக்கத் தொடங்கும், 85-இல் நன்றாகவே இறக்கிவிடும். அதற்குக் கீழே இருந்தால் விட்டுவிடுங்கள்.

பை 5-இன் ஆக்டிவ் கூலர் மின்விசிறி 50 டிகிரிக்குப் பிறகுதான் தொடர்ந்து சுற்றும். சும்மா இருக்கும் போர்டில் அது நின்றிருப்பது பழுது அல்ல. ஹீட்சிங்க் ஒட்டியும் சூடு குறையவில்லையா? தெர்மல் பேடின் மேலிருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் தாளை உரித்தீர்களா என்று பாருங்கள். சிரிக்காதீர்கள், நானே ஒரு முறை உரிக்க மறந்திருக்கிறேன்.

8. பின்கள்: போர்டு உண்மையிலேயே சாகும் இடம்

இதுவரை சொன்ன தவறுகளில் பெரும்பாலானவற்றிலிருந்து மீளலாம். இங்கே செய்யும் தவறுகளிலிருந்து பெரும்பாலும் மீள முடியாது. வயரைச் செருகுவதும் எடுப்பதும் மின்சாரத்தைத் துண்டித்த பிறகு மட்டுமே.

முதலில் எண் குழப்பம். பின்னுக்கு இரண்டு வகை எண் உண்டு: வரிசையில் எத்தனையாவது என்பது ஒன்று, சிப் வைத்த ஜிபிஐஓ (நிரலால் இயக்கும் பின்) எண் மற்றொன்று. புதியவர் ஒருவர் எல்இடியை 17-இல் இணைத்திருந்தார். நிரலில் ஜிபிஐஓ 17-ஐ அணைக்கிறார், எல்இடி எரிந்துகொண்டே இருக்கிறது. நிரலை இரண்டு மணி நேரம் திருத்தினார். வரிசையில் 17-ஆவது பின் நிரந்தர 3.3 வோல்ட். ஜிபிஐஓ 17 இருப்பது வரிசையில் 11-ஆவது இடத்தில். எந்த எண் என்று எப்போதும் தாளில் எழுதிவிட்டு வயரைத் தொடுங்கள். முதலாவது பின் எது என்று சந்தேகம் வந்தால் போர்டைத் திருப்புங்கள், பல போர்டுகளில் சதுரமான சால்டர் தளம் அதனுடையது.

அடுத்தது வோல்ட். ராஸ்பெர்ரி பையின் ஜிபிஐஓ பின்கள் 3.3 வோல்ட்டுக்கானவை, 5 வோல்ட்டைத் தாங்காது. ஆர்டுயினோ ஊனோ 5 வோல்ட். அதற்காக எழுதிய வயரிங் படத்தைப் பார்த்து அப்படியே இணைப்பதுதான் பொதுவான விபத்து. எச்சி-எஸ்ஆர்04 தூர சென்சாரின் எக்கோ பின் 5 வோல்ட்டைத் திருப்பி அனுப்பும். நடுவில் இரண்டு ரெசிஸ்டர் போடுங்கள்: எக்கோவிலிருந்து ஜிபிஐஓ பின்னுக்கு 1 கிலோ ஓம், அந்தப் பின்னிலிருந்து கிரவுண்டுக்கு 2 கிலோ ஓம். 5 வோல்ட்டில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 3.33 மட்டுமே பின்னுக்குப் போகும்.

பின்னிலிருந்து எடுக்கும் மின்னோட்டத்துக்கும் எல்லை உண்டு. ஒரு பின்னுக்கு 16 மில்லிஆம்பியர் உச்சம். எல்இடிக்கு 330 ஓம் ரெசிஸ்டர் போட்டால் சுமார் 4 மில்லிஆம்பியர்தான் ஓடும், தாராளம். மோட்டாரையோ ரிலே காயிலையோ நேரடியாக இணைக்கவே கூடாது. ட்ரான்சிஸ்டர் அல்லது டிரைவர் போர்டு வழியாக, எதிர்மின்னழுத்தத்தைத் தடுக்கும் டயோடோடு இணைக்க வேண்டும். தனி மின்சாரம் கொடுத்தால் இரண்டின் கிரவுண்டையும் சேர்க்க மறக்காதீர்கள். "சென்சார் தாறுமாறாகக் காட்டுகிறது" என்பவர்களிடம் நான் முதலில் கேட்பது கிரவுண்டைத்தான்.

ராஸ்பெர்ரி பைக்கு அனலாக் உள்ளீடு, அதாவது கூடிக் குறையும் வோல்ட்டை அளக்கும் பின் கிடையாது. மண் ஈரப்பத சென்சாரை நேரடியாகச் செருகினால் உண்டு, இல்லை என்ற இரண்டு பதில்தான் வரும். எம்சிபி3008 போன்ற மாற்றி சிப் வேண்டும்: 8 வழிகள், 0 முதல் 1023 வரை அளவு. அதை 3.3 வோல்ட்டில் ஓட்டுங்கள். பீகிள்போன் பிளாக்கில் அனலாக் பின்கள் உண்டு, ஆனால் அவற்றின் எல்லை 1.8 வோல்ட். அதோடு, அந்த போர்டு முழுமையாக மின்சாரம் பெறும் முன் அதன் பின்களுக்கு வெளியிலிருந்து வோல்ட் கொடுக்கக் கூடாது. சென்சார் போர்டுக்குத் தனி அடாப்டர் வைத்து அதை முதலில் இயக்குபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

9. ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்ப்பது

இப்போது கழற்றியவற்றை ஒவ்வொன்றாகச் சேருங்கள். பை 4-இன் நான்கு யூஎஸ்பி துளைகளுக்கும் சேர்த்து 1.2 ஆம்பியர்தான். சுழலும் ஹார்டு டிஸ்க் இரண்டு என்றால் தனி மின்சாரம் உள்ள ஹப் வாங்குங்கள்.

யூஎஸ்பி 3 டிஸ்க் செருகியதும் வைஃபை மட்டும் அறுந்துபோனால் ஆச்சரியப்பட வேண்டாம். யூஎஸ்பி 3 எழுப்பும் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் விழுகிறது. டிஸ்கை நீள வயரில் தள்ளி வையுங்கள், அல்லது 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறுங்கள். பை ஜீரோ 2 டபிள்யூவில் 2.4 மட்டும்தான் உண்டு. உங்கள் 5 கிகாஹெர்ட்ஸ் நெட்வொர்க் அதில் தெரியாமல் போவது இயல்பு.

கேமரா ரிப்பனில் அகலமும் திசையும் முக்கியம். பை 4-இல் 15 பின், பை 5-இலும் ஜீரோவிலும் குறுகிய 22 பின். பை 4-இல் வெள்ளி நிறத் தொடுமுனைகள் எச்டிஎம்ஐ பக்கம் பார்க்க வேண்டும். மாற்றிச் செருகினால் கேமரா கிடைக்கவில்லை என்றுதான் வரும்.

பை 5-க்கு முந்தைய மாடல்களில் கடிகாரச் சிப் இல்லை. இணையம் இல்லாமல் இயக்கினால் தேதி பின்தங்கி, பாதுகாப்பான தளங்கள் சான்றிதழ் பிழை காட்டும். நெட்வொர்க் பழுது என்று தேடாதீர்கள், முதலில் தேதியைப் பாருங்கள்.

10. போர்டு போய்விட்டது என்று எப்போது முடிவு கட்டலாம்

வேறு அடாப்டர், வேறு கேபிள், புதிதாக எழுதிய கார்டு, வேறு மானிட்டர் எல்லாம் பார்த்தாகிவிட்டது என்றால், கடைசியாக ஓர் அளவு எடுங்கள். 4-ஆம் பின்னில் 5 வோல்ட் இருப்பதை உறுதிசெய்த பின், 17-ஆம் பின்னுக்கும் 20-ஆம் பின்னுக்கும் இடையே அளவுங்கள். 3.3 வோல்ட் வர வேண்டும். முதலாவது பின்னிலும் அதே 3.3 இருக்கிறது, ஆனால் அதன் பக்கத்திலேயே 5 வோல்ட் பின் உட்கார்ந்திருக்கிறது. மீட்டர் முனை இரண்டையும் ஒரு கணம் சேர்த்துத் தொட்டால் நல்ல போர்டும் போய்விடும். அதனால்தான் 17-ஐச் சொல்கிறேன்.

5 இருந்து 3.3 இல்லையென்றால், மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு அதே இரண்டு பின்களுக்கிடையே மின்தடையை அளந்து பாருங்கள். சில ஓம்கூட இல்லாமல் பூஜ்யத்தை ஒட்டி நின்றால் உள்ளே ஏதோ ஷார்ட் ஆகியிருக்கிறது. அதோடு பெரிய சிப்களில் ஒன்று இயக்கிய சில வினாடிகளிலேயே தொட முடியாத அளவு சுட்டால், கேபிள் மாற்றுவதை நிறுத்திவிட்டு உத்தரவாதச் சீட்டைத் தேடலாம்.